நிக் டிரேக்கைப் பற்றி ஒரு கேள்வியும் பல திருத்தங்களும்

வாசகர் கேள்வி: 26 நவம்பர் 2024

நேற்றோடு ஆங்கிலப் பாடகரும் கிட்டார் கலைஞருமான நிக் டிரேக் இறந்து 50 ஆண்டுகள் ஆகின்றன என்று படித்துவிட்டு, அவருடைய மூன்று இசைத்தட்டுகளையும் ஒரே மாலையில் கேட்டு முடித்தேன். இனிமையாக இருக்கின்றன. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. உயிரோடு இருந்தபோது அவருடைய எந்தத் தட்டும் ஐயாயிரம் பிரதிகள்கூட விற்கவில்லையாம். 26 வயதில் இறக்காமலும், 1999-இல் ஒரு கார் விளம்பரத்தில் அவருடைய பாட்டு ஒலிக்காமலும் இருந்திருந்தால் இன்று அவரை யார் கேட்பார்கள்? சாவுதான் அவரைப் பெரிய ஆளாக்கியது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

26 நவம்பர் 2024, இரவு 10.40

மறுக்கிறேன். சாவும் விளம்பரமும் அவரிடம் ஆட்களைக் கூட்டிவந்தன என்பதை ஒப்புக்கொண்டுதான் மறுக்கிறேன். அப்படி வந்தவர்கள் ஏன் திரும்பிப் போகவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பரிதாபத்துக்காக ஒரு பாட்டை ஒரு முறை கேட்கலாம். இருபது ஆண்டுகளாக யாரும் கேட்பதில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் 1948 ஜூன் 19 அன்று ரங்கூனில் பிறந்தார். தந்தை ரோட்னி, பம்பாய் பர்மா வணிக நிறுவனத்தில் பொறியாளர். 1885-இல் மூன்றாம் ஆங்கில–பர்மியப் போருக்குச் சாக்காக அமைந்த அதே தேக்கு நிறுவனம்தான் அது. குழந்தைக்கு நான்கு வயது ஆவதற்குள் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, வார்விக்ஷயர் வட்டாரத்தில் டான்வர்த்-இன்-ஆர்டன் என்ற சிற்றூரில் ‘ஃபார் லேஸ்’ என்ற வீட்டில் குடியேறியது. மார்ல்பரோவில் விடுதிப் பள்ளி, பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் சில மாதங்கள், பிறகு 1967 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் என்று நல்ல வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குரிய பாதையில்தான் எல்லாம் சென்றன. அந்தக் குளிர்காலத்தில் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் அவர் வாசித்ததை, ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ஆஷ்லி ஹட்சிங்ஸ் கேட்டுவிட்டு, தங்கள் குழுவின் தயாரிப்பாளரான ஜோ பாய்டிடம் சொன்னார். பாய்ட் அமெரிக்கர், அப்போது அவருக்கே 25 வயதுதான். 1969 செப்டம்பர் 1 அன்று முதல் தட்டு ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ ஐலண்ட் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. சிகரெட் சுருட்டும் தாள் கட்டில் கடைசி ஐந்து தாள்கள் இருக்கும்போது வரும் எச்சரிக்கை வாசகம்தான் அந்தப் பெயர்.

கூச்ச சுபாவம் உள்ளவர், யாரிடமும் பேசாதவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மைதான். ஆனால் முதல் தட்டின் பதிவின்போது நடந்ததைப் பாருங்கள். தந்திக்கருவிகளுக்கு இசைக்கோவை எழுதப் பாய்ட் ஏற்பாடு செய்திருந்த தொழில்முறைக் கலைஞரின் வேலை 20 வயதுப் பையனுக்குப் பிடிக்கவில்லை. பணமும் நேரமும் செலவாகியிருந்த நிலையிலும் அதை ஒதுக்கச் சொல்லிவிட்டு, கேம்பிரிட்ஜில் தன்னுடன் பழகிய ராபர்ட் கர்பி என்ற இசை மாணவரை அழைத்துவந்தார். கர்பி அதுவரை எந்தத் தட்டிலும் வேலை செய்ததில்லை. இன்று அந்தத் தட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் கர்பியின் இசைக்கோவையை முதலில் சொல்கிறார்கள். பேசாத ஆளுக்குத் தன் வேலையில் என்ன வேண்டும் என்பது மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது தட்டான ‘பிங்க் மூன்’ ஒலிநாடாவை ஒரு பையில் போட்டு எடுத்துவந்து, ஐலண்ட் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போனார் என்பதும் இதே குணத்தின் மறுபக்கம்தான்.

27 நவம்பர் 2024, காலை 7.15

திருத்தம். நேற்று முதல் தட்டு வெளியான நாளை 1969 செப்டம்பர் 1 என்று எழுதினேன். பல ஆண்டுகளாக அச்சில் இருந்து பழகிப்போன தேதி அது. சரியான தேதி ஜூலை 3. இரண்டாவது தட்டான ‘பிரைட்டர் லேட்டர்’ வெளிவந்தது 1970 நவம்பரில் என்று சில இடங்களில் இருக்கும். அதுவும் தவறு, 1971 மார்ச் 5. ஒருவரைப் பற்றி அக்கறைப்படாத காலத்தில் அவருடைய தேதிகளைக்கூட யாரும் சரிபார்ப்பதில்லை.

27 நவம்பர் 2024, இரவு 11.05

கேள்வி கேட்டவர், ‘இனிமைக்கு மேல் என்ன?’ என்று கேட்டார். இதை என் கைகளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வழக்கமான கிட்டாரில் ஆறு தந்திகளும் கீழிருந்து மேலாக இ, ஏ, டி, ஜி, பி, இ என்று சுருதி கூட்டப்படும். ‘பிங்க் மூன்’ என்ற பாட்டுக்கும் வேறு சிலவற்றுக்கும் டிரேக் வைத்த சுருதி சி, ஜி, சி, எஃப், சி, இ. அதாவது ஆறில் ஐந்து தந்திகளைத் தொட வேண்டும். தடித்த ஆறாம் தந்தியை நான்கு அரைச் சுரம் தளர்த்த வேண்டும். ஐந்து, நான்கு, மூன்று ஆகியவற்றை இரண்டிரண்டு அரைச் சுரம் தளர்த்த வேண்டும். இரண்டாம் தந்தியை மட்டும் அரைச் சுரம் முறுக்க வேண்டும். வீணைக்காரர்கள் பிருடையைத் திருகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றைத் தளர்த்தியதும் கழுத்தின் மேல் இருந்த இழுவிசை மாறி, ஏற்கெனவே சரிசெய்த இன்னொன்று நழுவும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் முதன்முதலாக இதை முயன்றது 2003-இல். கூடத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு திருகிக்கொண்டிருந்தேன். ஆறாம் தந்தி தளர்ந்து, மீட்டினால் ஈ பறப்பதுபோல அதிர்ந்தது. இரண்டாம் தந்தி துருவேறியது. முறுக்கிய வேகத்தில் அறுந்து புறங்கையில் சுருக்கென்று கோடு போட்டது. சமையலறையிலிருந்து, “என்ன சத்தம்?” என்று கேள்வி வந்தது. புதுத் தந்தி போட்டு, ஒருவழியாகச் சுருதி சேர்ந்ததும், இடது கை விரல் எதையும் அழுத்தாமல் ஆறையும் ஒரு முறை கீழ்நோக்கி வருடினேன். அதுவரை என் வீட்டில் கேட்டிராத ஒலி அது. அந்தக் கணத்தில் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது: அவர் பாட்டு எழுதுவதற்கு முன்பே பாதிப் பாட்டைச் சுருதியில் எழுதிவிட்டார்.

அடுத்தது வலது கை. கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டே போகும். மற்ற விரல்கள் வேறொரு கணக்கில் மேலே ஓடும். இவை இரண்டையும் கண்டுகொள்ளாததுபோல் குரல் மூன்றாவதாக, தாளம் விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளியே வாக்கியத்தைத் தொடங்கும். தட்டைக் கேட்கும்போது இது எதுவும் தெரியாது. மழை பெய்வதுபோல் இயல்பாக இருக்கும். கையில் எடுத்தால்தான் மூவர் வேலையை ஒருவர் செய்கிறார் என்று புரியும். எவ்வளவு வேகம் குறைத்தாலும் என்னால் பாடவும் வாசிக்கவும் சேர்ந்து முடிந்ததில்லை.

முதல் தட்டில் ‘ரிவர் மேன்’ ஐந்து எண்ணிக்கையில் நடக்கிறது. கர்ப்பியே அதற்குத் தன்னால் எழுத முடியாது என்று விலகிக்கொண்டதால், ஹாரி ராபின்சன் என்ற மூத்த இசையமைப்பாளர் எழுதினார். தந்திக்கருவிக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் டிரேக் வாசித்துப் பாட, எல்லாம் ஒரே நேரத்தில் பதிவாயின. நான் தொடையில் கண்ட சாபு போட்டுப் பார்த்தேன். கணக்கு இடித்துக்கொள்ளாமல் பொருந்துகிறது. ஆனால் கண்ட சாபுவுக்கு உள்ள துள்ளல் இதில் இல்லை. நீர் நகர்வதுபோல் மட்டுமே இருக்கிறது. ஐந்தை இப்படியும் நடக்கவிடலாம் என்று எனக்குத் தெரியாது.

28 நவம்பர் 2024

மேலே ‘கர்ப்பி’ என்று ஓரிடத்தில் தட்டச்சாகியிருக்கிறது. கர்பி.

30 நவம்பர் 2024

சுருதி கூட்டுவதைப் பற்றி இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஏன் தோற்றார் என்பதற்கே அது விடையாக இருக்கலாம்.

அன்றைய இங்கிலாந்தில் ஒரு புதுப் பாடகர் தட்டு விற்க வேண்டுமானால் ஊர் ஊராகப் போய்க் கல்லூரி மதுக்கூடங்களிலும் நாட்டுப்புற இசை மன்றங்களிலும் வாசிக்க வேண்டும். டிரேக்கின் பாட்டுகள் பலவும் வெவ்வேறு சுருதியில் இருந்தன. ஒரு பாட்டு முடியும், கைதட்டல் ஓயும், பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு மூன்று நிமிடம் திருகாணிகளைத் திருகுவார், ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அந்த இடைவெளியில் கூட்டம் தன் பேச்சைத் தொடங்கும், கோப்பைகள் மோதும். மெல்லிய குரலில் அடுத்த பாட்டைத் தொடங்கும்போது பின்வரிசைக்கு அவர் தொடங்கியதே தெரியாது. சேர்ந்து பாடுவதற்குப் பல்லவி எதுவும் கிடையாது. நாட்டுப்புற மன்றத்துக்கு வருகிறவர்கள் எதிர்பார்ப்பதோ அதைத்தான்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 2005 பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பு விழாவில் இரண்டு பாட்டு வாசிக்க ஒப்புக்கொண்டேன். முதல் பாட்டு வழக்கமான சுருதியில், பரவாயில்லாமல் போனது. இரண்டாவதற்காகத் திருகத் தொடங்கினேன். ஒலிபெருக்கி திறந்தே இருந்ததால் ஒவ்வொரு திருகலும் ‘ங்ங்ஙொய்ங்’ என்று தெருமுனை வரை கேட்டது. முன்வரிசையில் குழந்தைகள் அந்தச் சத்தத்தைத் திருப்பிச் செய்து சிரித்தார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்தவர் நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து, அடுத்து இசை நாற்காலி என்று அறிவித்துவிட்டார். நான் மேடையில் இருக்கும்போதே நாற்காலிகளைத் தூக்கிவந்தார்கள். எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்ததால் அதை நகைச்சுவையாக்கிக்கொள்ள முடிந்தது. 21 வயதில், பிழைப்பே அதுவாக இருந்து, வாரம் இரண்டு முறை இது நடந்தால்?

1970 ஜூனில் சரே வட்டாரத்து யூவெல் தொழில்நுட்பக் கல்லூரியில், பாடகர் ரால்ஃப் மெக்டெல்லுக்கு முன்பாக வாசிக்க வந்த டிரேக், ‘ஃப்ரூட் ட்ரீ’ பாட்டின் பாதியில் நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு மேடை ஏறவில்லை. இரண்டாவது தட்டு வெளிவந்ததே அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான். விற்க வேண்டிய நேரத்தில் விற்பவர் கடையில் இல்லை. திரைப்படத் துண்டாகக்கூடப் பெரியவரான டிரேக் பாடும் காட்சி ஒன்றும் இன்று கிடையாது.

30 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

‘பிரைட்டர் லேட்டர்’ உறையில் அவர் மடியில் வைத்திருக்கும், கில்டு நிறுவனம் செய்த கிட்டார் அவருடையதே அல்ல. சுருதியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அந்த உறையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. முன்னால் கழற்றிவைத்த சப்பாத்துகள் கிட்டாரைவிடத் தெளிவாக இருக்கின்றன.

2 டிசம்பர் 2024

என் சுருதிக் கொள்கையை நானே கிழிக்க வேண்டியிருக்கிறது. அதே ஆண்டுகளில் பாடகி ஜோனி மிட்செல் டஜன்கணக்கான மாற்றுச் சுருதிகளில் வாசித்துப் பெயர் பெற்றார். டிரேக்கின் நண்பர் ஜான் மார்ட்டினும் தந்திகளை மாற்றி மாற்றித் திருகியவர்தான். திருகும்போது அவர்கள் பேசினார்கள். மார்ட்டின் கூட்டத்தைக் கேலி செய்துகொண்டே திருகுவார். ஆகவே இடைவெளியைப் பேச்சால் நிரப்ப முடியாததுதான் சிக்கல். சுருதியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இதற்கும் எதிராக ஒன்று உண்டு. 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஃபேர்போர்ட் குழுவுக்கு முன்பாக டிரேக் வாசித்தார். அந்தக் குழு மே மாதம் நடந்த வேன் விபத்தில் தன் மேளக்காரரை இழந்து, மீண்டு மேடையேறிய நிகழ்ச்சி அது. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்கும் கூட்டம். அங்கேயும் அவர் பேசவில்லை. ஆனால் கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது, நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. அதைப் பார்த்த நம்பிக்கையில்தான் அவரை ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒரு சபைக்கு ஏற்ற கச்சேரியைத் திருவிழாத் திடலில் வைத்தார்கள் என்று சொன்னால் நம் ஊர் ஆட்களுக்குப் புரியும். இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். முன்பு சொன்ன அளவுக்கு அழுத்திச் சொல்லமாட்டேன்.

5 டிசம்பர் 2024

பர்மாவில் பிறந்தது வெறும் தகவல்தானே, பாட்டில் அதற்கு என்ன பங்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேரடியாக ஒன்றும் இல்லை. அம்மாவின் வழியாக இருக்கிறது.

மோலி டிரேக்கும் ரங்கூனில் பிறந்தவர்தான், 1915-இல். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அவர் இந்தியாவுக்கு வந்து, டெல்லியில் தன் சகோதரி நான்சியுடன் உறவினர் வீட்டில் தங்கினார். சகோதரிகள் இருவரும் அங்கே லாயிட் சகோதரிகள் என்ற பெயரில் அகில இந்திய வானொலியில் பாடினார்கள். மூத்த மகள், பின்னாளில் நடிகையான கேப்ரியல், 1944-இல் லாகூரில் பிறந்தார். அதே 1942-இல் அதே நாட்டிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். என் தாத்தா அப்படி வந்தவர். ரங்கூனைப் பற்றி அவர் பேசியது மிகக் குறைவு. கேட்டால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொள்வார். மோலி குடும்பத்துக்கும் அவருக்கும் ஒரே ஊர் என்பதைத் தவிர ஒப்பிட எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் டிரேக்கின் பிறந்த ஊரைப் படித்தபோது என் கண் அந்த வரியில் நின்றுவிட்டது.

மோலி வீட்டில் பியானோவில் தானே பாட்டுக் கட்டிப் பாடுவார். யாருக்கும் வெளியிடுவதற்காக அல்ல. 1950-களில் ரோட்னி அவற்றை வீட்டிலேயே ஒலிநாடாவில் பதிவுசெய்து வைத்தார். மோலி 1993-இல் காலமானார். 2013-இல்தான் அந்தப் பதிவு பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. அதைக் கேட்கும்வரை, டிரேக்கின் சுருதிகள் எங்கிருந்து வந்தன என்று நான் கிட்டார்க்காரர்களிடையேதான் தேடிக்கொண்டிருந்தேன். மோலியின் இடது கை பியானோவில் பிடிக்கும் சுரக்கூட்டுகளைக் கேட்டதும் தேடல் முடிந்துவிட்டது. மகிழ்ச்சியா துயரமா என்று முடிவுசெய்யாமல் நடுவில் நிற்கும் அதே கூட்டு. அம்மா பத்து விரலால் பிடித்ததைப் பிடிக்க மகனுக்கு இடது கையில் நான்கு விரல்தான் இருந்தன. அதனால் தந்திகளையே மாற்றிக் கட்டிக்கொண்டார் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லித்தான் எழுதுகிறேன்.

6 டிசம்பர் 2024

முதல் நாள் எழுதிய வரவேற்பு மேசைக் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக நானே இதை நண்பர்களிடம் சொல்லிவந்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. டிரேக் அந்த ஒலிநாடாவை ஐலண்ட் நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல்லிடமே நேரில் கொடுத்தார். மேசையில் வைத்துவிட்டு மறைந்தார் என்ற கதை நிறுவனத்தின் பத்திரிகைத் தொடர்பாளர் வழியே பரவியது. கேட்பதற்கு நன்றாக இருந்ததால் யாரும் விடவில்லை.

‘பிங்க் மூன்’ பதிவைப் பற்றிக் கதை சேர்க்காமலே சொல்லப் போதுமான விஷயம் இருக்கிறது. ஜோ பாய்ட் திரைப்பட வேலைக்காக லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். டிரேக் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டைத் தொலைபேசியில் அழைத்தார். செல்சியில் பழைய பால்கூடக் கட்டடத்தில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் கூடம் பகலில் முழுக்க வேறு ஆட்களுக்குப் பதிவாகியிருந்ததால், இரவு 11 மணிக்குத் தொடங்கினார்கள். 1971 அக்டோபரில் இரண்டு இரவுகள். கூடத்தில் இரண்டே பேர். 11 பாட்டுகள், மொத்தம் 28 நிமிடம். முதல் பாட்டில் சில நொடிகள் வரும் பியானோவைத் தவிர மேலே எதுவும் சேர்க்கப்படவில்லை. இரண்டாவது தட்டில் ஃபேர்போர்ட்டின் தாளக்காரர்கள், ஊதுகருவிகள், ‘நார்தர்ன் ஸ்கை’ பாட்டில் ஜான் கேல் வாசித்த செலஸ்தா (மணிபோல் ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி), ஆர்கன் என்று அத்தனை பேர் இருந்தார்கள்; அது அதிகமாகிவிட்டது என்று டிரேக்குக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. ‘நார்தர்ன் ஸ்கை’ மூன்று தட்டுகளிலும் எனக்கு மிகப் பிடித்த பாட்டு. அதை வீணாக்கப்பட்ட அலங்காரம் என்று சொல்லும் தூய்மைவாதிகளோடு எனக்கு நெடுங்காலச் சண்டை உண்டு.

11 டிசம்பர் 2024

நோயைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். தள்ளிப்போட்டேன்.

1971 முதல் அவர் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவிட்டார். 1972-இல் சில வாரம் மருத்துவமனையில் இருந்தார். ஐலண்ட் வாரம் 20 பவுண்டு கொடுத்துவந்தது. 1974 நவம்பர் 25 அதிகாலையில், மருத்துவர் எழுதிக்கொடுத்த அதே மருந்து அளவு மீறியதால் ஃபார் லேஸில் தன் அறையில் இறந்தார். விசாரணை அலுவலர் தற்கொலை என்று பதிவுசெய்தார். அவரை நெருங்கி அறிந்தவர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லாதபோது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்த நோய்தான் பாட்டை எழுதியது என்ற பேச்சை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

1974-இல் அவர் மீண்டும் ஜான் வுட்டிடம் வந்து சில பாட்டுகளைப் பதிவுசெய்தார். அப்போது அவரால் பாடிக்கொண்டே வாசிக்க முடியவில்லை. முதலில் கிட்டாரைப் பதிவுசெய்துவிட்டு, பிறகு அதன் மேல் குரலைப் பதிவுசெய்தார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் அதே கூடத்தில், நள்ளிரவில், கட்டைவிரல் ஒரு கணக்கும் விரல்கள் ஒரு கணக்கும் குரல் ஒரு கணக்குமாக நூல் பிசகாமல் வைத்த கை அது. நோய் கொடுத்தது என்ன, எடுத்துக்கொண்டது என்ன என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

14 டிசம்பர் 2024

விளம்பரத்தையும் பேசிவிடுகிறேன், கேள்வியில் அது பாதி. 1999-இல் ஃபோக்ஸ்வாகன் விளம்பரம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது: திறந்த காரில் நான்கு இளைஞர்கள் நிலவொளியில் ஒரு விருந்துக்குப் போகிறார்கள், வாசலில் நின்று பார்க்கிறார்கள், உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறார்கள். பின்னணியில் ‘பிங்க் மூன்’. விற்பனை மளமளவென்று ஏறியது. கூட்டத்துக்குள் போகாமல் திரும்பும் கதைக்கு அவர் குரலைத் தேர்ந்தவர் பாட்டைச் சரியாகக் கேட்டவர்தான்.

ஆனால் 1974-க்கும் 1999-க்கும் நடுவில் 25 ஆண்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் அவரைக் காப்பாற்றியது மரணம் அல்ல. இரண்டு சின்ன ஏற்பாடுகள். ஜோ பாய்ட் தன் நிறுவனத்தை ஐலண்டுக்கு விற்றபோது, டிரேக்கின் தட்டுகளை விற்பனைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். விற்காத தட்டுகள் அதனால் கடையில் தொடர்ந்து கிடைத்தன. 1979-இல் ‘ஃப்ரூட் ட்ரீ’ என்ற பெயரில் எல்லாம் ஒரே பெட்டியாகவும் வந்தன. இன்னொன்று, டான்வர்த்துக்குத் தேடிவந்த முன்பின் அறியாத இளைஞர்களைப் பெற்றோர் வீட்டுக்குள் அழைத்து, மகனின் அறையைக் காட்டினார்கள். வெளிவராத வீட்டுப் பதிவுகளை ரோட்னி அவர்களுக்குக் கேசட்டில் படியெடுத்துக் கொடுத்தார். மகன் போன வீட்டில் ஒரு தந்தை, வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு ஒலிநாடாப் பெட்டியின் பொத்தானை அழுத்திக் காத்திருக்கும் காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

15 டிசம்பர் 2024

‘மரணம் அல்ல’ என்று எழுதியதை மறுபடி படித்தேன். அது மிகை. இறக்காமல் இருந்திருந்தால் அந்த இளைஞர்கள் டான்வர்த்துக்கு வந்திருக்கமாட்டார்கள். கேள்வி கேட்டவருக்கு இந்த அளவு விட்டுக்கொடுக்கிறேன்.

9 ஆகஸ்ட் 2025

எட்டு மாதமாக இழை தூங்குகிறது. எழுப்பக் காரணம் இருக்கிறது. முதல் தட்டு உருவான விதத்தைக் காட்டும் பெட்டித் தொகுப்பு சென்ற மாதம் வந்துவிட்டது. 1968-இல் அவர் சவுண்ட் டெக்னிக்ஸில் முதன்முதலாகப் பதிவுசெய்த ஒலிநாடாவை பாடகி பெவர்லி மார்ட்டின் இத்தனை ஆண்டு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதோடு, கேம்பிரிட்ஜில் மாணவர் அறையில் எடுத்த இன்னொரு நாடாவும் கிடைத்து, இரண்டும் இதில் இருக்கின்றன.

அந்தக் கேம்பிரிட்ஜ் நாடாவில் அவர் பேசுகிறார். கர்பிக்காக, எந்த இடத்தில் எந்தக் கருவி வர வேண்டும் என்று விளக்கிக்கொண்டே வாசிக்கிறார். நான் எதிர்பார்த்த நடுங்கும் குரல் அல்ல; படித்த பையனின் சாதாரணப் பேச்சு, கொஞ்சம் தயக்கம், வேலையில் முழுக் கவனம். இறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, இறப்பைப் பற்றிய எந்த நிழலும் இல்லாமல், தந்திக்கருவிகளைப் பற்றி மட்டும் கவலைப்படும் ஒருவர். கேள்வி கேட்டவர் இன்னும் இங்கே வருகிறாரென்றால், மூன்று தட்டுகளையும் ஒரே மாலையில் கேட்பதற்குப் பதில் இந்த ஒரு நாடாவைக் கேட்டுவிட்டு வந்து எழுதட்டும்.

என் கிட்டார் டிசம்பரிலிருந்து சி, ஜி, சி, எஃப், சி, இ-யிலேயே நிற்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்திருந்த அக்கா மகன் அதை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை வாசிக்கப் பார்த்துவிட்டு, “மாமா, இது கெட்டுப்போச்சா?” என்று கேட்டான்.